எதையும் இழுக்காத பேரவை

ஜம்புநாதனுக்குப் பிக்கப் டிரக்கின் மேல் ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. முப்பத்தொரு வருஷம் எண்ணெய்க் குழாய்களின் வெல்டிங்கைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற்றவர். டெக்ஸாஸில், கேட்டியில், இருபத்திரண்டு வருஷமாக ஒரே வீடு, ஒரே கார். அது போதும் என்று இருந்தவரை டிரக் பக்கம் தள்ளிவிட்டது அவர் மனைவி அபயாம்பாளின் நுரையீரல்.

நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே போகும் நோய் அது. மூக்கில் எப்போதும் குழாய் இருக்க வேண்டும். ஹாலில் ஆக்ஸிஜன் மெஷின் இராப்பகலாகப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும். மகன் சுஹாஸ் சான்டா கிளாராவில் இருந்தான். அவனுக்கு டிசம்பரில் பெண் பிறந்தது. குறைமாதக் குழந்தை என்பதால் ஒரு வருஷத்துக்கு விமானம், கூட்டம் எதுவும் ஆகாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். அபயாம்பாளுக்கும் விமானம் கூடாது என்று இங்கே டாக்டர் சொன்னார். அதோடு நிறுத்தாமல் ஜம்புநாதனைத் தனியாகக் கூப்பிட்டு, எங்கேயாவது போவதாக இருந்தால் இந்த ஒரு வருஷத்துக்குள் போய்வந்துவிடுங்கள் என்றும் சொன்னார். அதன் பொருள் ஜம்புநாதனுக்குப் புரிந்தது. மனைவியிடம் சொல்லவில்லை. அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

அவர் ஒரு கணக்குப் போட்டார். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள வீட்டு டிரெய்லர் ஒன்றை வாங்குவது. அதில் மெஷினையும் ஜெனரேட்டரையும் வைத்துக்கொண்டு, தினம் நாலு மணி நேரம் ஓட்டி, மேடு குறைந்த தெற்குப் பாதையாகப் பார்த்து கலிஃபோர்னியா போய்ச் சேருவது. டிரெய்லரின் எடை ஏழாயிரம் பவுண்டு. அதை இழுக்க ஒரு வண்டி வேண்டும். எந்த வண்டி?

விசாரிக்காமல் ஒரு போல்ட்டைக்கூட வாங்காத மனிதர் அவர். இந்திய மளிகைக்கடை வாசலில், லாரி உயரத்துக்கு நின்ற ஒரு டிரக்கிலிருந்து கொத்துமல்லிக்கட்டோடு இறங்கிக்கொண்டிருந்த இளைஞனிடம் கேட்டார். அவன் பெயர் சபரி. அவன் கண்கள் விரிந்தன.

"டீசல் ஹெவி டியூட்டியா அங்கிள்? அதை இப்படி பார்க்கிங் லாட்ல நின்னு பேசக்கூடாது. பேரவைக்கு வாங்க. நான்தான் செக்ரட்டரி."

கேட்டி தமிழ்க் கனரக டீசல் பேரவை மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தின் பார்க்கிங்கில் கூடியது. உறுப்பினர் முப்பத்தெட்டுப் பேர். எல்லோரும் கம்ப்யூட்டரிலும் வங்கியிலும் ஆஸ்பத்திரி நிர்வாகத்திலும் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு வீட்டையே அஸ்திவாரத்தோடு பெயர்த்து இழுக்கக்கூடிய டீசல் டிரக் இருந்தது. ஜம்புநாதன் போய்ச் சேர்ந்தபோது தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து எஞ்சின் வாழ்த்து ஆரம்பித்திருந்தது. ஒரு வண்டியை உயிர்ப்பித்துவிட்டு, ஒரு நிமிஷம் எல்லோரும் கண்ணை மூடி நின்றார்கள். ஒருவர் நெஞ்சில் கைவைத்திருந்தார். மாநாட்டுக்கு வந்த தலைவர்களைப்போல வண்டிகள் மூன்று அணியாகப் பிரிந்து நின்றன. நீலக் கட்சி, தங்கக் கட்சி, கொம்புக் கட்சி. கம்பெனிகளின் பெயரைச் சொன்னால் போன வருஷம் கைகலப்பாகிவிட்டதாம். அதனால் பேரவையில் சின்னத்தை வைத்துத்தான் பேச வேண்டும்.

"என் கேள்வி சின்னதுதான் தம்பி," என்றார் ஜம்புநாதன். "ஏழாயிரம் பவுண்டு டிரெய்லர். கலிஃபோர்னியா வரைக்கும் போகணும். எது சரியா இழுக்கும்?"

சபரி அவரைச் சற்று ஓரமாக அழைத்துப் போனான். வண்டி இல்லாதவர்கள் 'டிரக்கற்ற துணை உறுப்பினர்' என்ற பிரிவில் சேரலாம், அவர்கள் ஆறு மாதத்துக்குக் கேள்வி கேட்கக்கூடாது, அதற்குப் பிறகு எழுத்துமூலம் கேட்கலாம் என்று விளக்கினான். பிறகு அவரை வாட்ஸப் குழுவில் சேர்த்துவிட்டு, கையில் மஞ்சள் நிறத்தில் ஒரு மெத்தென்ற துணியைக் கொடுத்தான். துணை உறுப்பினர்கள் கூட்டத்தின்போது வண்டிகளைத் துடைக்கலாம், அது கட்டாயமில்லை, ஆனால் பதிவேட்டில் குறிக்கப்படும் என்றான்.

முப்பத்தொரு வருஷம் அவர் கையெழுத்துக்காக ஒப்பந்தக்காரர்கள் வெயிலில் காத்து நின்றிருக்கிறார்கள். அந்தக் கையால் ஜம்புநாதன் தலைவருடைய வண்டியின் கதவைத் துடைத்தார். பேத்தியின் முகம் அவர் கண்முன் இருந்தது. எதையும் துடைப்பார்.

அன்றைய முதல் அலுவல் ஒரு விலக்கல் தீர்மானம். ஜைனுதீன் என்ற உறுப்பினர் தன் டிரக்கின் பின்பகுதியில் நாலு ஆடுகளையும் இரண்டு பிரியாணி அண்டாக்களையும் ஏற்றிச் சென்றிருக்கிறார். சாட்சியாக ஒரு புகைப்படம் அப்போதே வாட்ஸப் குழுவில் போடப்பட்டது. ஒன்பதாம் விதிப்படி டிரக்கின் பின்பகுதியில் எதையும் வைக்கக்கூடாது. அதன்மேல் ஒரு மூடியும், மூடியின்மேல் கீறல் விழாமல் இன்னொரு மூடியும் இருக்க வேண்டும்.

ஜைனுதீன் குள்ளமான மனிதர். சட்டையில் மஞ்சள் கறை. "பிக்கப்புன்னா பிக்கப் பண்றதுக்குத்தானங்க?" என்று கேட்டார்.

கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். தலைவர் க்ரிஷ் எழுந்தார். சம்பளக் கணக்கு மென்பொருள் கம்பெனி ஒன்றில் டைரக்டர். பண்ணைக்காரர்கள் போடும் பெரிய தொப்பி, நெற்றியில் விபூதி, ஒரு துளி சேறு காணாத பூட்ஸ்.

"அந்த மைண்ட்செட்தான் ப்ராப்ளம் பிரதர். மூட்டை தூக்கவா நாம எல்லாம் அமெரிக்கா வந்தோம்? நம்ம வண்டிக்கு ஆயிரத்து ஐம்பது பவுண்டு-அடி டார்க் இருக்கு, அவ்வளவு இழுவை. அது நமக்கு வேணுமா? வேணாம். வேணாம்னு நல்லா தெரிஞ்சும் வாங்கினோம் பாருங்க, அங்கதான் நாம நிக்கிறோம். தேவைக்கு வாங்கறவன் யூஸர். தேவையில்லாம வாங்கறவன்தான் ஓனர்!"

கைதட்டல் ஓய நேரமாயிற்று. ஜைனுதீன் தன் அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "அப்ப வர்றேங்க, கறி காத்துக்கிட்டிருக்கு," என்று கிளம்பினார். அவர் வண்டி மட்டும்தான் அன்று அந்த இடத்தைவிட்டு ஏதோ வேலையாகப் போனது.

மாதங்கள் போயின. ஜம்புநாதன் துடைத்தார். பேரவையின் பெருமை அதன் ஒப்பீட்டு அட்டவணை. மூன்று கட்சி வண்டிகளையும் இருநூற்றுப் பதினாலு வரிசைகளில் ஒப்பிட்டது. கப் ஹோல்டரின் ஆழத்துக்கு மட்டும் ஆறு வரிசை. கதவை மூடும்போது கேட்கும் சத்தத்துக்கு ஒரு சங்கீத ஆசிரியையை வரவழைத்துச் சுருதி குறித்திருந்தார்கள். நாற்பத்தொன்றாம் வரிசை வண்டியின் பின்பகுதியில் உள்ள மின்சார ப்ளக்கைப் பற்றியது. இரண்டாயிரம் வாட். இதைப்பற்றித் தொழில்நுட்பக் குழுத் தலைவர் ஹஸ்னைன் நாற்பது நிமிஷம் ஸ்லைடு போட்டுப் பேசினார். உலகமே இருண்டாலும் நம் வண்டி ஒரு வீட்டைத் தாங்கும் என்று அவர் முடித்தபோது, அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து நின்று தட்டினார்கள். நூற்றெண்பத்தேழாம் வரிசை 'பாரத்தோடு மேடு ஏறுதல்'. மூன்று கட்டங்களும் காலி. யாரும் பாரத்தோடு மேடு ஏறியதில்லை. கேட்டியில் மேடும் இல்லை.

மே மாதம் இழுவைத் திறன் போட்டி நடந்தது. கடைசியில் நம் கேள்விக்கு விடை வருகிறது என்று ஜம்புநாதன் விடியுமுன்பே போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். டிரெய்லர் எதுவும் தென்படவில்லை. இழுத்தால் பம்பரில் கீறல் விழும் என்பதால் பேரவை வேறு முறை கண்டுபிடித்திருந்தது. போட்டியாளர்கள் ஒவ்வொருவராக மேடையேறி, கம்பெனி கொடுத்த கையேட்டிலிருந்து தங்கள் வண்டியின் இழுவைத் திறனை வாசித்தார்கள். உச்சரிப்புக்குப் பத்து, உணர்ச்சிக்குப் பத்து. சபரிக்கு 'பவுண்டு' என்ற இடத்தில் மூச்சு வாங்கியதால் இரண்டு மார்க் போயிற்று. ஹஸ்னைன் கடைசி எண்ணைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. கோப்பை அவருக்கு.

வீட்டுக்குப் போனதும் அபயாம்பாள் கேட்டாள். "எந்த வண்டின்னு சொன்னாங்களா?"

"இன்னும் சப்-கமிட்டில இருக்கு."

"ம்." அவள் மூச்செடுத்துக்கொண்டாள். "பாப்பா தவழ ஆரம்பிச்சுட்டாளாம்."

ஜூலையில் புயல் வந்தது. காலை ஏழு மணிக்கு மின்சாரம் போயிற்று. ஹாலில் மெஷினின் பெருமூச்சு நின்றது. வீட்டில் அவசரத்துக்கென்று வைத்திருந்த சிலிண்டர் ஐந்து மணி நேரம் தாங்கும். ஜம்புநாதன் அதை மாட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். அவசர எண்ணுக்குப் போன் செய்தார். தெருவெல்லாம் மரம் விழுந்திருக்கிறது, ஆம்புலன்ஸ் வரும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள். அவருடைய சின்னக் காரால் தெருமுனையில் தேங்கிய தண்ணீரைத் தாண்ட முடியாது. மெஷினுக்குத் தேவை நானூறு வாட்கூட இல்லை.

நாற்பத்தொன்றாம் வரிசை நினைவுக்கு வந்தது. இரண்டாயிரம் வாட். நாலு தெரு தள்ளித்தான் க்ரிஷின் வீடு.

வாட்ஸப் குழுவில் எழுதினார். 'என் மனைவிக்கு ஆக்ஸிஜன் மெஷின் ஓட வேண்டும். யாராவது வண்டியைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்த முடியுமா? சிலிண்டர் பன்னிரண்டு மணி வரைதான்.' ஐந்து நிமிஷத்தில் இருபத்தாறு கும்பிடும், ஒன்பது அழுகை முகமும், ஒரு கட்டைவிரலும் வந்தன. வண்டி வரவில்லை. க்ரிஷுக்கே போன் செய்தார்.

"அங்கிள், மெசேஜ் பாத்தேன். ஹார்ட்டே உடைஞ்சு போச்சு. டோன்ட் வொர்ரி, எமர்ஜென்சி செயற்குழு கூட்டிட்டேன். ஒன்பதரைக்கு ஜூம். லிங்க் அனுப்பறேன்."

"கூட்டம் எதுக்கு தம்பி? வண்டியை எடுத்துட்டு வந்தா போதுமே."

"ப்ராசஸ்னு ஒண்ணு இருக்கில்ல அங்கிள்."

ஒன்பதரைக்கு ஜம்புநாதன் போனில் கூட்டத்துக்குள் போனார். பதினோரு முகங்கள். எல்லோருக்கும் பின்னால் தோல் இருக்கை. எல்லோருடைய தலைமுடியும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. அவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. வீட்டில் கரண்ட் இல்லாததால் ஒவ்வொருவரும் தத்தம் கராஜ் வாசலில், தத்தம் டிரக்கில், எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுக்கொண்டு, போனைச் சார்ஜில் செருகிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மடியில் நாய்க்குட்டி. ஒருவர் பின்சீட்டில் பிள்ளைகள் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தன.

ஹஸ்னைன் தொண்டையைக் கனைத்தார். "டெக்னிக்கலா ஒரு இஷ்யூ இருக்கு. டீசல் வண்டியை ஓட்டாம ஒரே இடத்துல ஐட்லிங்ல விட்டா ஃபில்டர்ல கரி அடைக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல யாருமே விடக்கூடாது. எஞ்சினுக்குச் செய்யற துரோகம் அது." அவர் கையை நீட்டி ஏசியை இன்னும் ஒரு புள்ளி கூட்டினார்.

"நீங்க இப்ப எங்க தம்பி உக்காந்திருக்கீங்க?" என்றார் ஜம்புநாதன்.

"அங்கிள், துணை உறுப்பினர் பேசறதா இருந்தா சாட்ல கேள்வியா போடணும்," என்றான் சபரி.

பேரவையின் சட்ட ஆலோசகர் ரக்ஷா அடுத்துப் பேசினாள். ஆக்ஸிஜன் என்பது எரியும் சமாச்சாரம், பேரவை வண்டியின் மின்சாரத்தில் ஓடும்போது ஏதாவது ஆகிவிட்டால் பொறுப்பு யாருடையது என்று கேட்டாள். டாக்டரிடமிருந்து கடிதம், நோட்டரி முத்திரை, இரண்டு சாட்சி. "நாங்க ஹெல்ப் பண்ணத்தான் நினைக்கிறோம் அங்கிள். அதனாலதான் பேப்பர் கேக்கறோம்."

பிறகு எந்தக் கட்சி வண்டி போவது என்ற கேள்வி எழுந்தது. நீலக் கட்சி போனால் நாளை அதையே விளம்பரமாக்கிக்கொள்ளும் என்று கொம்புக் கட்சி அஞ்சியது. மூன்று வண்டியும் ஒரே நேரத்தில் போய் ஒரே ப்ளக்கைப் பிடிக்க முடியுமா என்று தங்கக் கட்சி கேட்டது. ஆராய மூவர் குழு அமைக்கலாம் என்றார் க்ரிஷ். அப்போது மணி பத்தே முக்கால்.

அந்தச் சமயத்தில் குழுவில் ஒரு செய்தி விழுந்தது. சபரி எழுதியது. 'பேரவையின் துணை உறுப்பினர் திரு. ஜம்புநாதன் அவர்களின் துணைவியார் திருமதி அபயாம்பாள் அவர்களின் மறைவுக்குப் பேரவை ஆழ்ந்த...' மூன்று நொடியில் அந்த இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று வந்தது.

"ஸாரி ஸாரி," என்றான் சபரி. "அது வெறும் டிராஃப்ட். ப்ரிப்பேர்டா இருக்கணும்னு..."

ஜம்புநாதன் போனிலிருந்து தலையைத் தூக்கினார். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் சோபாவில் சாய்ந்து, பேச்சைச் சேமித்துக்கொண்டு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். கூட்டத்திலிருந்து வெளியே வந்தார். வாட்ஸப் குழுவில் மேலே, மேலே, ஜனவரி வரை தள்ளிக்கொண்டே போனார். அங்கே அந்தச் சாட்சிப் புகைப்படம் இருந்தது. ஆடுகள், அண்டாக்கள், அழுக்கு டிரக். டிரக்கின் கதவில் எழுதியிருந்தது: 'நசீமா கேட்டரிங்'. கீழே போன் நம்பர்.

எடுத்தது ஒரு பெண் குரல். ஜம்புநாதன் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்து முதல் வாக்கியத்தை முடிக்கவில்லை.

"அட்ரஸ் அனுப்புங்கண்ணே. சிலிண்டர்ல எவ்ளோ இருக்கு?"

"ஒண்ணேகால் மணி நேரம்."

"போதும். அக்காவப் பேசாம உக்காரச் சொல்லுங்க."

முப்பத்தைந்து நிமிஷத்தில் அந்த வண்டி தெருமுனைத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஜைனுதீனின் மனைவி நசீமாதான் ஓட்டினாள். முக்காடு நனைந்து தலையோடு ஒட்டியிருந்தது. வழியில் விழுந்துகிடந்த மரமொன்றைச் சங்கிலி மாட்டி இழுத்து ஓரம் போட்டுவிட்டு வந்ததாக ஜைனுதீன் சொன்னார். டிரக்கின் பின்பகுதியில் அவர்கள் சமையலுக்கு வைத்திருக்கும் ஜெனரேட்டர் இருந்தது. அதைக் கீழே இறக்காமலே ஓடவிட்டார்கள். வயரைச் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்தார்கள். மெஷின் ஒரு பெருமூச்சு விட்டது. அப்புறம் இன்னொன்று.

நசீமா அபயாம்பாளின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னக்கா, பயந்துட்டீங்களா?"

"வண்டில... ஆடு வாசனை வருது," என்றாள் அபயாம்பாள். ஜம்புநாதன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார்.

நாலு நாள் கரண்ட் வரவில்லை. நாலு நாளும் அந்த வண்டி அங்கேயே நின்றது. நசீமாவின் வீட்டு ஃப்ரீஸரில் ஒரு நிக்காஹ் விருந்துக்கு வைத்திருந்த நாற்பது கிலோ கறி கெட்டுப்போய்ப் புதைக்கப்பட்டது. அதை அவள் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து அவள் மகள் ரிதா வாய்தவறிச் சொன்னாள்.

ஆகஸ்ட்டில் பேரவையின் புயல் நிவாரணப் பாராட்டு விழா. வருந்தி வருந்தி அழைத்தார்கள். போக வேண்டாம் என்று இருந்த ஜம்புநாதனை, "போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க," என்று அனுப்பியது அபயாம்பாள்தான். மண்டபத்தின் நடுவில் க்ரிஷின் டிரக் நின்றது. சுவரை எப்படி இடித்து உள்ளே கொண்டுவந்தார்கள் என்று அவர் யோசித்தார். சுவரை இடிக்கவில்லை, கதவைக் கழற்றியிருந்தார்கள். டயருக்குப் போட்ட மெருகெண்ணெயும் புதுத்தோலும் சாம்பாரும் சேர்ந்த நெடி மண்டபத்தை நிறைத்திருந்தது. 'சிறந்த மீட்பு ஒருங்கிணைப்பு' விருது அந்த வண்டிக்கு. அதன் முன்மூடியில் பட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். ஜரிகை கீறும் என்பதால் ஜரிகையில்லாத பட்டு.

க்ரிஷ் பேசினார். "அன்னிக்கு நாங்க தூங்கல, சாப்பிடல. நாலு மணி நேரம் நான்-ஸ்டாப் மீட்டிங். பதினோரு பேர், பதினோரு வண்டி, எஞ்சின் ஆஃப் பண்ணவே இல்ல! ஒரு உயிர் போராடிட்டிருந்தப்ப அந்தக் கடைசி நிமிஷம் வரைக்கும் நாங்க டிஸ்கஸ் பண்ணிட்டே இருந்தோம். மூவர் குழு அமைச்சு, டேர்ம்ஸ் எல்லாம் எழுதி முடிச்சு, வீட்டுக்குப் போன் போடலாம்னு பார்த்தா, அங்கிள் லைன்ல இல்ல. ஆனாலும் நாங்க அவரைத் தப்பா நினைக்கல. ஏன்னா ஆன்ட்டி இன்னிக்கு உயிரோட இருக்காங்க. ரிசல்ட் பாருங்க!"

நன்றியுரைக்கு ஜம்புநாதனை மேடைக்கு அழைத்தார்கள். அவர் மைக்கைப் பிடித்தார். வாழ்நாளில் அவர் மேடையில் பேசியதில்லை. வெல்டிங்கில் ஓட்டை இருந்தால் 'நிராகரிக்கப்பட்டது' என்று ஒரு முத்திரை குத்துவதோடு அவர் பேச்சு முடிந்துவிடும்.

"எனக்கு நன்றி சொல்லத் தெரியல," என்றார். "என் பொண்டாட்டி மூச்சுக்குத் திணறிட்டிருந்தா. நீங்க அத்தனை பேரும் எஞ்சின் ஓடற வண்டிக்குள்ள ஏசில உக்காந்துகிட்டு, எஞ்சின் ஓடினா கெட்டுப்போகும்னு எனக்குச் சொன்னீங்க. அவ செத்துட்டான்னு எழுதிக்கூட வச்சிருந்தீங்க. வந்தது ஜைனுதீனும் நசீமாவும். உங்களால ஆட்டுக்கறிக்காகத் துரத்தப்பட்டவங்க. உங்களைப் பாத்தா எனக்கு..."

அந்த இடத்தில் எஞ்சின் உறுமியது. முதலில் நன்றி என்ற சொல் காதில் விழுந்ததுமே வண்டியில் ஏறிவிட்ட ஹஸ்னைன், உரை முடிந்ததாக நினைத்து எஞ்சின் வாழ்த்தைத் தொடங்கிவிட்டார். நாலு சுவருக்குள் ஆயிரத்து ஐம்பது பவுண்டு-அடி முழங்கியது. எல்லோரும் எழுந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். ஜம்புநாதன் மீதியையும் சொல்லி முடித்தார். ஒரு வார்த்தை பாக்கி வைக்கவில்லை. யார் காதிலும் விழவில்லை. கண் திறந்ததும் கைதட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அது புகையினாலும் இருக்கலாம். பதிவேட்டில் சபரி இப்படி எழுதினான்: 'துணை உறுப்பினர் உணர்ச்சிமிக்க நன்றியுரை ஆற்றினார். பேரவை நெகிழ்ந்தது.'

அவர் மண்டபத்துக்கு வெளியே வந்து, செடியோரம் குனிந்து, குடித்த காபியை வாந்தி எடுத்தார். வாயைத் துடைக்கப் பையில் கைவிட்டபோது மஞ்சள் துணி கிடைத்தது. அது மெத்தென்று இருந்தது, நன்றாகவே துடைத்தது. அதை அங்கேயே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு நேரே ஜைனுதீன் வீட்டுக்குப் போனார்.

"ஒரு கேள்வி கேக்கணும். ஏழாயிரம் பவுண்டு டிரெய்லர். கலிஃபோர்னியா வரைக்கும்."

ஜைனுதீன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை. "அதுக்கு டீசலே தேவையில்லண்ணே. ஆனா மேடு இருக்கு, அக்கா இருக்காங்க, டீசல் இருந்தா நிம்மதி. புதுசு வேணாம். எனக்குத் தெரிஞ்ச பண்ணைக்காரர் ஒருத்தர் பத்து வருஷ வண்டி விக்கிறாரு. மாட்டு டிரெய்லர் இழுத்த வண்டி, இழுக்கத் தெரியும். ஏத்தத்துல அவசரப்படாதீங்க, கியர் ஆயில் சூடு ஏறுதான்னு பாத்துக்கங்க. அவ்ளோதான்."

ஏழு மாதம் துடைத்த கேள்விக்கு ஒரு வெங்காயம் உரிக்கும் நேரத்தில் பதில் வந்துவிட்டது.

அக்டோபர் முதல் வாரத்தில் கிளம்பினார்கள். பக்கத்து இருக்கையில் தலையணையோடு அபயாம்பாள், காலடியில் கையடக்க மெஷின், பின்னால் டிரெய்லர், டிரெய்லரில் நசீமா கட்டிக்கொடுத்த நாலு நாள் சாப்பாடு. சான்டா கிளாராவில் பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கற்றிருந்தாள். வண்டியின் கதவுகளில் மாடு முட்டிய பள்ளங்கள் இருந்தன. சான் அன்டோனியோவைத் தாண்டியதும் ஃப்ரீவே மெல்ல மேடேறத் தொடங்கியது. ஜம்புநாதன் சூட்டு முள்ளைப் பார்த்தார். அது அசையவில்லை.

முன்னால் ஒரு நீளமான திறந்த டிரெய்லரை வாடகை லாரி ஒன்று இழுத்துக்கொண்டு போனது. டிரெய்லரின்மேல் ஒரு டிரக் நாலு பக்கமும் பட்டையால் கட்டப்பட்டு, மேலே உறை, உறைக்குமேல் இன்னொரு உறை போட்டு நின்றது. காற்றில் ஒரு மூலை விலகிப் படபடத்தபோது பொன்னாடையின் ஓரம் தெரிந்தது. உறையின் பின்புறம் தமிழில் அச்சடித்திருந்தது: 'தலைவரின் வண்டி. அகில டெக்ஸாஸ் கனரக டீசல் கண்காட்சி.' ஓடினால் மைல் கூடும், மைல் கூடினால் மார்க் குறையும். அதனால் படுக்கவைத்துக் கொண்டுபோகிறார்கள்.

ஜம்புநாதன் இண்டிகேட்டர் போட்டு, பாரத்தோடு, அவசரப்படாமல் அதைத் தாண்டினார். அபயாம்பாள் ஜன்னல் பக்கம் திரும்பி, கட்டுகளையும் உறைகளையும் மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள். ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள்.

"பாவம்," என்றாள். "அதுக்கு என்ன உடம்புங்க?"